நெடுந்தொலைவுக் குதிரைச் சவாரிக்குக் குழந்தையை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு

வடக்குக் கலிஃபோர்னியாவில் வசிக்கும் எங்கள் குடும்பத்தில் என் மகளுக்கு முன் குதிரைச் சவாரி அறிந்தவர் எவரும் இல்லை. என் மகள் எட்டு வயதில் சவாரி கற்கத் தொடங்கினாள். பத்து வயதில் 25 மைல் சவாரி ஒன்றில் கலந்துகொள்ள விரும்பினாள். அதற்கு என்ன தேவை என்பதை அறிய எங்களுக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு பிடித்தது. அந்த ஓராண்டில் சில தவறுகளையும் செய்தோம். அவற்றுள் ஒன்று அவளுக்குக் காயத்தில் முடிந்திருக்கக்கூடும். அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்குள் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் அதே வழியில் தடுமாற வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. தூரத்தையும் நேரத்தையும் முதலில் கணக்கிடுங்கள்

அமெரிக்காவில் இந்தச் சவாரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் முதன்மையான அமைப்பு, கலிஃபோர்னியாவின் ஆபர்ன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் எண்டுரன்ஸ் ரைடு கான்ஃபரன்ஸ், எல்லோரும் ஏ.இ.ஆர்.சி. என்றே சொல்வார்கள். அதன் விதிகளின்படி 25 முதல் 35 மைல் வரையிலான சவாரி ‘லிமிடெட் டிஸ்டன்ஸ்’ எனப்படும். 50 மைலும் அதற்கு மேலும் ‘எண்டுரன்ஸ்’. இருபத்தைந்து மைலை ஆறு மணி நேரத்திலும், 50 மைலைப் பன்னிரண்டு மணி நேரத்திலும், 100 மைலை இருபத்து நான்கு மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். இடையில் குதிரைக்கு அளிக்கப்படும் கட்டாய ஓய்வும் இந்தக் கணக்குக்குள்ளேயே வரும்.

அதாவது 25 மைல் என்பது 40 கிலோமீட்டர். ஒரு மணி நேரம் ஓய்வு போக எஞ்சுவது ஐந்து மணி நேரம். மணிக்குச் சராசரியாக ஐந்து மைல் போயாக வேண்டும். குதிரை சாதாரணமாக நடந்தால் மணிக்கு நான்கு மைல் அளவில்தான் போகும் என்பதால், பாதையின் பெரும்பகுதியை டிராட் என்னும் துள்ளுநடையில் கடக்க வேண்டியிருக்கும். ‘பூங்காவில் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறாளே, இதையும் ஓட்டிவிடுவாள்’ என்று நாங்கள் நினைத்தது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காததால்தான். மேலும் லிமிடெட் டிஸ்டன்ஸ் சவாரியில் இறுதிக் கோட்டைத் தாண்டிய நேரம் முடிவு நேரம் ஆகாது. குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 ஆக இறங்கும் நேரமே முடிவு நேரம், அதுவும் கோட்டைத் தாண்டிய முப்பது நிமிடத்துக்குள் இறங்க வேண்டும். ஆகவே கடைசி அரை மைலைக் குதிரையிலிருந்து இறங்கி, அதை நடத்திக் கொண்டு வருவதற்கும் நேரம் ஒதுக்குங்கள். களைத்த குழந்தைக்கும் அது நல்லது.

பல இடங்களில், சவாரி தொடங்கும் இதே முகாமிலேயே 10 முதல் 15 மைல் வரையிலான அறிமுகச் சவாரியும் நடத்துகிறார்கள். முதல் முறை அதில் மட்டும் சேருங்கள்.

2. குழந்தை தயாராக இருக்கிறதா என்பதைப் பாதையில் சோதியுங்கள்

வயதை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது. நான் இப்போது மற்ற பெற்றோரிடம் கேட்கும் கேள்விகள் நான்கு. பெரியவர் உதவியின்றி, பாதையோரப் பாறையோ மரக்கட்டையோ துணையாக, குழந்தையால் குதிரையில் ஏறி இறங்க முடிகிறதா? முன்னால் செல்லும் குதிரை விரைந்து ஓடும்போது தன் குதிரையை அதே இடத்தில் நிறுத்தி வைக்க முடிகிறதா? குதிரை மிரண்டால் இரண்டு அங்கவடிகளிலிருந்தும் (சேணத்தின் இருபுறமும் தொங்கும், பாதத்தை வைக்கும் வளையங்கள்) கால்களை உருவிக்கொண்டு தானாகக் குதித்து இறங்கத் தெரியுமா? களைப்பாக இருக்கிறது, வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்பதைப் பெரியவரிடம் வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இருக்கிறதா?

நான்காவது கேள்விக்கு விடை ‘இல்லை’ என்றால், மற்ற மூன்றும் சரியாக இருந்தாலும் நான் அனுப்ப மாட்டேன். நம் வீடுகளில் பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்று சொல்லி வளர்க்கிறோம். அந்தப் பழக்கம் காரணமாக என் மகள் தொடையின் உட்புறம் தோல் உரிந்த நிலையிலும் ஏழு மைல் எதுவும் சொல்லாமல் ஓட்டினாள். வலியைத் தவிர்க்க ஒரு பக்கமாகச் சாய்ந்து அமரும் குழந்தை, அடுத்த முறை குதிரை மிரளும்போது அந்தப் பக்கமாகவே விழும். ‘நிறுத்து என்று நீ சொன்னால் உடனே நிறுத்துவோம், யாரும் உன்னைக் கோபித்துக்கொள்ள மாட்டோம்’ என்பதைப் பயிற்சியின்போதே பலமுறை சொல்லுங்கள். அவள் சொல்லும்போது உண்மையாகவே நிறுத்தியும் காட்டுங்கள்.

சவாரிக்கு முந்தைய மூன்று மாதங்களில் வாரம் இரண்டு முறையாவது பயிற்சி வேண்டும். மூன்று வாரங்களுக்கு முன் குறைந்தது 15 மைல் தூரத்தை, அதே குதிரையில், அதே சேணத்தில், அதே உடையில் முடித்திருக்க வேண்டும்.

3. உடன் வரும் பெரியவரைத் தேர்ந்தெடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

ஏ.இ.ஆர்.சி. விதிகளில் 16 வயதுக்குக் குறைந்தவர் ‘ஜூனியர்’. சவாரி முழுவதும் திறமையுள்ள பெரியவர் ஒருவர் ஜூனியருடன் குதிரையில் செல்ல வேண்டும். அவரை ‘ஸ்பான்சர்’ என்கிறார்கள். பணம் கொடுத்து ஆதரிப்பவர் என்று இங்கே பொருள் கொள்ள வேண்டாம். தொடக்கம் முதல் இறுதி வரை குழந்தையின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்று, அதன் பக்கத்திலேயே வருபவர் அவர். நீங்களே அனுபவமுள்ள சவாரியாளராக இருந்தால் சிக்கல் இல்லை. எங்களைப் போல் அந்த அனுபவம் இல்லாதவர்கள் வேறொருவரை நம்ப வேண்டியிருக்கிறது.

நாங்கள் செய்த பெரிய தவறு இங்கேதான். நிறைய சவாரிகளை வென்ற ஒருவர் அன்போடு முன்வந்தார். அவருடைய அனுபவத்தைப் பார்த்து உடனே சம்மதித்தோம். அவர் இதற்கு முன் குழந்தைகளுடன் சென்றிருக்கிறாரா என்று கேட்கவில்லை. அவர் குதிரையின் இயல்பான வேகம் என் மகளின் வேகத்தைவிட மிகுதி. அதை அடக்கிப் பிடிப்பதிலேயே அவர் கவனம் இருந்ததால், பின்னால் வந்த குழந்தையை அவர் திரும்பிப் பார்த்தது குறைவு. பிறகு முதல் ஓய்விடத்தில், அவருடைய குதிரை முன்னங்காலை நொண்டுவதாகக் கால்நடை மருத்துவர் கண்டறிந்து அதைச் சவாரியிலிருந்து விலக்கினார். ஸ்பான்சர் விலக்கப்பட்டால் ஜூனியர் வேறொரு ஸ்பான்சருடன் சேர வேண்டும், இல்லையேல் அங்கேயே விலக வேண்டும் என்பது விதி. என் மகளோ அழுதுகொண்டு, ‘அம்மா, என் குதிரை நல்லாத்தானே இருக்கு’ என்றாள். முன்பின் அறியாத ஒருவர் தன்னோடு அழைத்துச் செல்வதாகச் சொன்னார். அந்த ஐந்து நிமிடப் பரபரப்பில் நான் சம்மதித்துவிட்டேன். அவர் நல்லவராக இருந்தார். குழந்தை பத்திரமாக வந்து சேர்ந்தாள். ஆனாலும் பெயர்கூடத் தெரியாத ஒருவருடன் என் பத்து வயது மகளைக் காட்டுப்பாதையில் அனுப்பிவிட்டு, மூன்று மணி நேரம் நான் அந்தக் கூடாரத்தில் அமர்ந்திருந்தேன். அப்படி ஒரு நிலை உங்களுக்கு வரக் கூடாது.

ஆகவே ஸ்பான்சரிடம் முன்கூட்டியே பேச வேண்டியவை: இதற்கு முன் எத்தனை குழந்தைகளுடன் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறார், இரண்டு குதிரைகளும் ஒன்றையொன்று அறிந்தவையா, அன்றைய தினம் பரிசை விட்டுக்கொடுத்துக் குழந்தையின் வேகத்தில் வருவதற்கு அவருக்கு மனப்பூர்வமான சம்மதமா, குழந்தை பாதியில் விலகினால் அவரும் உடன் விலகுவாரா. குறைந்தது இரண்டு பயிற்சிச் சவாரிகளாவது அவருடன் நடந்திருக்க வேண்டும். இரண்டாவது ஸ்பான்சர் ஒருவரையும் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால், ‘முதலாமவர் விலகினால் நாமும் விலகுவோம்’ என்று குழந்தையிடம் முந்தைய இரவே சொல்லிவிடுங்கள். ஓய்விடத்தில் அழும் குழந்தையின் முன் நின்றுகொண்டு சரியான முடிவெடுப்பது மிகக் கடினம்.

4. வயதான, பழகிய குதிரையைத் தேடுங்கள்

விதிப்படி லிமிடெட் டிஸ்டன்ஸ் சவாரிக்குக் குதிரைக்கு 48 மாதங்களும், 50 மைலுக்கு 60 மாதங்களும் நிறைந்திருக்க வேண்டும். குழந்தைக்கு அந்தக் குறைந்தபட்ச வயது போதாது என்பது என் கருத்து. பத்து வயதைக் கடந்த, பல சவாரிகளை முடித்த, மற்ற குதிரைகள் தன்னைத் தாண்டிப் போகும்போது பொருட்படுத்தாத குதிரையே குழந்தைக்கு உகந்தது. வீட்டருகே சாதுவாக இருக்கும் குதிரை, ஐம்பது குதிரைகள் கூடிய இடத்தில் வேறு விதமாக நடந்துகொள்ளும். அத்தகைய கூட்டத்தில் அந்தக் குதிரை எப்படி நடந்துகொண்டது என்பதை உரிமையாளரிடம் குறிப்பாகக் கேளுங்கள்.

5. தலைக்கவசம், அங்கவடி, உடை

ஜூனியர் அனைவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். சைக்கிள் ஹெல்மெட் இதற்கு உதவாது. குதிரைச் சவாரி ஹெல்மெட்டுக்கான ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 (ASTM F1163) என்னும் தர எண்ணும், அதற்குச் சான்றளிக்கும் எஸ்.இ.ஐ. (SEI) அமைப்பின் முத்திரையும் உட்புறம் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பழைய ஹெல்மெட்டை இரவல் வாங்காதீர்கள். அது எத்தனை முறை அடிபட்டது என்பது வெளியே தெரியாது. வளர்ந்தாலும் போட்டுக்கொள்ளட்டும் என்று ஓர் அளவு பெரிதாக வாங்குவதும் கூடாது. கடையிலேயே அணிவித்து, தாடைப் பட்டையைப் பூட்டாமல் குழந்தையைத் தலையசைக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட்டோடு சேர்ந்து புருவமும் நெற்றித் தோலும் அசைந்தால் அளவு சரி. ஹெல்மெட் மட்டும் தனியே சுழன்றால் சிறிய அளவைக் கேளுங்கள். நீண்ட கூந்தல் உள்ள பெண் குழந்தைகளுக்குக் கழுத்தருகே தாழ்வாக ஒற்றைப் பின்னல் போடுங்கள். கொண்டையோ உச்சியில் கட்டிய குடுமியோ இருந்தால் ஹெல்மெட் தலையில் படியாது. வளையல், மோதிரம், தொங்கும் கம்மல், கழுத்துச் சங்கிலி ஆகிய அனைத்தையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்; கயிறும் மரக்கிளையும் இவற்றில்தான் மாட்டும்.

அங்கவடியைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. விழுவதைக் காட்டிலும் ஆபத்தானது, விழுந்த பின் கால் சிக்கிக் குதிரையால் இழுத்துச் செல்லப்படுவது. சிறு குழந்தையின் பாதம், பெரியவர்களுக்கான அங்கவடிக்குள் முழுவதுமாக நுழைந்து மறுபுறம் வந்துவிடும். முன்புறம் கூண்டு போல் மூடிய அங்கவடியைப் பொருத்தினால் பாதம் முன்னோக்கி நழுவாது. காலணிக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலக் குதிகால் இருக்க வேண்டும்; ஓட்டப் பயிற்சிக் காலணி வேண்டாம். இன்னொன்று: பெரியவரின் சேணத்தில் அமர்த்தப்பட்ட குழந்தைக்கு அங்கவடி எட்டாதபோது, அங்கவடி தொங்கும் தோல்வாரின் மடிப்புக்குள் குழந்தை காலை நுழைத்துக்கொள்ளும். பார்ப்பதற்கு வசதியாகத் தோன்றும். ஆனால் விழுந்தால் அந்தக் கால் வெளியே வராது. அதே காரணத்துக்காக, விழாமல் இருக்கட்டும் என்று குழந்தையைச் சேணத்தோடு கட்டுவதையும் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

ஜீன்ஸின் தையல் தோலை உரிக்கும். சவாரிக்கென்றே விற்கும் தையல் குறைந்த இறுக்கமான கால்சட்டை வாங்குங்கள்.

6. ஆவணங்கள்

இவற்றை ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள்.

முதலாவது, ஏ.இ.ஆர்.சி. உறுப்பினர் பதிவு. இணையத்தில் சில நிமிடங்களில் முடியும், தேர்வு எதுவும் இல்லை. உறுப்பினராகாமல் அந்த ஒரு சவாரிக்கு மட்டும் கூடுதல் கட்டணம் செலுத்தியும் சேரலாம். முதல் முயற்சிக்கு அதுவே சிக்கனம்.

இரண்டாவது, சவாரிக்கான நுழைவுப் படிவமும் பொறுப்புத் துறப்புப் படிவமும். குழந்தைக்காகப் பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளர் கையெழுத்திட வேண்டும். சித்தியோ தாத்தாவோ அழைத்துச் சென்றால் அவர்களுடைய கையெழுத்து செல்லாது. நீங்கள் நேரில் வர முடியாதென்றால், சவாரி நடத்துபவருக்கு முன்னரே எழுதி, அவர்கள் ஏற்கும் வடிவத்தில் கையெழுத்திட்ட படிவத்தை அனுப்பி வையுங்கள்.

மூன்றாவது, பலரும் மறந்துவிடுவது: மருத்துவ ஒப்புதல் கடிதம். பெற்றோர் தொலைபேசியில் கிடைக்காத நிலையில் ஸ்பான்சர் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால், உயிருக்கு ஆபத்தான நிலையில் சிகிச்சை கிடைத்துவிடும். ஆனால் தையல் போடுவது, எலும்பு முறிவைச் சரிசெய்வது போன்றவற்றுக்குப் பெற்றோர் ஒப்புதலுக்காகக் காத்திருக்க நேரலாம். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, ஒவ்வாமைகள், உட்கொள்ளும் மருந்துகள், மருத்துவரின் தொலைபேசி எண், ஸ்பான்சரின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, நோட்டரி முன் கையெழுத்திட்டு, காப்பீட்டு அட்டையின் நகலோடு இரண்டு படிகள் எடுங்கள். ஒன்று ஸ்பான்சரின் இடுப்புப் பையில் இருக்க வேண்டும், மற்றொன்று முகாமில். டெட்டனஸ் தடுப்பூசி விவரத்தையும் அதில் எழுதுங்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில் போட வேண்டிய டிடாப் ஊக்க ஊசி நிலுவையில் இருந்தால் சவாரிக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

நான்காவது, காப்பீடு. சவாரி நடைபெறும் ஊரில் உங்கள் காப்பீட்டை ஏற்கும் மருத்துவமனை எது என்று பாருங்கள். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் கூட்டாட்சிச் சட்டம், நம் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத விமான ஆம்புலன்ஸ் நிறுவனங்கள் காப்பீடு போக மீதித் தொகையை நம்மிடம் கேட்பதைத் தடுக்கிறது. தரைவழி ஆம்புலன்ஸ் அந்தச் சட்டத்தில் அடங்காது. கோடை விடுமுறைக்கு இந்தியாவிலிருந்து வந்திருக்கும் அண்ணன் பிள்ளையையோ அக்காள் பிள்ளையையோ சேர்த்து அழைத்துப் போக நினைத்தால், அவர்களுடைய பயணக் காப்பீட்டின் விலக்குப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். பல பயணக் காப்பீடுகளில் சாகச விளையாட்டுகளால் ஏற்படும் காயங்களுக்குப் பணம் கிடைக்காது.

குதிரையோடு மாநில எல்லையைக் கடப்பதென்றால், காகின்ஸ் என்னும் இரத்தப் பரிசோதனை முடிவும் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றிதழும் தேவைப்படும். சான்றிதழ் பெரும்பாலும் 30 நாள்களுக்கே செல்லும் என்பதால் மிக முன்னதாகவும் வாங்க வேண்டாம்.

7. செலவு

எங்களுக்கு ஆனவை இவை. ஊருக்கு ஊர் மாறும். ஹெல்மெட் 85 டாலர், காலணி 60, கூண்டு அங்கவடி 75, கால்சட்டை 40. வாரப் பயிற்சிக்கு மணிக்கு 70. குதிரையைப் பாதி நாள்கள் பயன்படுத்தும் குத்தகைக்கு மாதம் 300. நுழைவுக் கட்டணம் 110. ஜூனியர்களுக்குச் சில இடங்களில் தள்ளுபடி தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள். குத்தகைக் குதிரையை முகாமுக்கு ஏற்றிச் செல்லும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதில் எதிர்பாராமல் 180 டாலர் கூடியது. சேமிக்க வேண்டுமென்றால் கால்சட்டையில் சேமியுங்கள், ஹெல்மெட்டில் வேண்டாம்.

8. முகாமுக்கு முந்தைய நாள் மதியமே சென்றுவிடுங்கள்

சவாரிகள் பெரும்பாலும் சனிக்கிழமை அதிகாலையில் தொடங்கும். வெள்ளிக்கிழமை மதியம் சென்றால் பதிவு, குதிரையின் முதல் மருத்துவப் பரிசோதனை, மாலை விளக்கக் கூட்டம் ஆகிய மூன்றும் பதற்றமின்றி முடியும். விளக்கக் கூட்டத்துக்குக் குழந்தையையும் அழைத்துச் செல்லுங்கள். எந்த நிற ரிப்பன் எந்தப் பாதைக்கு, தண்ணீர் எங்கே என்பதை அவளே காதால் கேட்க வேண்டும். ரிப்பன் கண்ணில் படவில்லை என்றால் முன்னே போகாமல், கடைசியாகப் பார்த்த ரிப்பன் வரை திரும்பி வருவதே முறை.

முகாமுக்குள் குழந்தை ஓடக் கூடாது. வண்டிகளில் கட்டப்பட்ட குதிரைகளின் பின்புறமாக நடக்கக் கூடாது. வாலில் சிவப்பு ரிப்பன் கட்டிய குதிரை உதைக்கும் பழக்கம் உள்ளது என்பதைச் சொல்லி வையுங்கள். குதிரையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மடித்துத்தான் பிடிக்க வேண்டும்.

9. சவாரி நாள்

தொடக்கம்தான் மிகவும் ஆபத்தான நேரம். எல்லாக் குதிரைகளும் ஒருசேரப் பரபரக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, முன்னணிக் குதிரைகள் கண்ணுக்கு மறைந்த பிறகு கிளம்புங்கள். ஆறு மணி நேரத்தில் அந்தக் கால் மணி நேரம் பெரிய இழப்பன்று.

தொலைபேசியும் செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவியும் சேணப் பையில் இருக்கக் கூடாது, சவாரி செய்பவரின் உடலோடு இருக்க வேண்டும். விழுந்தவரை விட்டுவிட்டுக் குதிரை ஓடினால், சேணப் பையும் அதனோடு ஓடிவிடும். குழந்தையின் கழுத்தில் எதையும் தொங்கவிடாமல், மேற்சட்டையின் மூடும் பையில் ஒரு விசிலும், பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையும் வையுங்கள்.

வெயிலில் குழந்தைகள் தாகத்தைச் சொல்ல மாட்டார்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மிடறு என்று ஸ்பான்சர் நினைவூட்ட வேண்டும். ஓய்விடத்தில் என் மகளுக்கு உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும், சிறு உருண்டைகளாகப் பிடித்த எலுமிச்சைச் சாதமும் கொடுத்தேன். கடையில் வாங்கிய இனிப்புக் கட்டிகளை அவள் தொடவில்லை. ஓய்வு நேரத்தில் மருத்துவர் குதிரையைப் பார்ப்பது போலவே நீங்கள் குழந்தையைப் பாருங்கள். காலணியைக் கழற்றிப் பாதத்தையும், தொடையின் உட்புறத்தையும், உதடு வறண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சிறுநீர் கழித்தாளா என்று கேளுங்கள். வழக்கமாக வாயாடும் குழந்தை பேசாமல் இருந்தால், மீண்டும் ஏற்றாதீர்கள்.

10. விழுந்தால்

முதலில் பிற குதிரைகளை நிறுத்த வேண்டும். ஓடிய குதிரையை அப்புறம் பிடித்துக்கொள்ளலாம். கழுத்திலோ முதுகிலோ வலி என்றால், கை கால் மரத்திருந்தால், குழந்தையைத் தூக்கவோ ஹெல்மெட்டைக் கழற்றவோ வேண்டாம், 911 அழையுங்கள். தலையில் அடிபட்டு, சிறிது நேரம் குழம்பிப் பேசினாலும், தலை சுற்றுகிறது என்றாலும், அன்றைக்குச் சவாரி முடிந்தது. ‘விழுந்ததும் உடனே ஏற வேண்டும், இல்லையேல் பயம் தங்கிவிடும்’ என்று முகாமில் யாராவது சொல்வார்கள். தலையில் அடிபட்டிருக்கும்போது அதைக் கேட்காதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, இரு கண்மணிகளின் அளவில் வேறுபாடு, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அப்போது நன்றாக இருந்தாலும், அடுத்த சவாரிக்கு முன் குழந்தை மருத்துவரின் ஒப்புதலைப் பெறுங்கள்.

அடிபட்ட ஹெல்மெட் வெளியே விரிசல் இல்லாவிட்டாலும் இனிப் பயன்படாது. குப்பையில் போடும் முன் அதன் தாடைப் பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள்; நல்ல ஹெல்மெட் என்று நினைத்து வேறு யாரும் எடுத்துத் தங்கள் குழந்தைக்கு அணிவித்துவிடக் கூடும்.